விளையாட்டுத் திண்ணை: மீண்டு வந்தவரின் மதிப்பு

சென்ற திங்கள் இதழ் வெளிவந்த மறுவாரம், சங்கத்து வாசகசாலையின் படியில் இளைஞர் ஒருவர் நம்மை மறித்து நிறுத்தினார். "அண்ணா, ஒரு சந்தேகம். கருண் நாயரை என் காகித அணியில் சேர்க்கலாமா? வயது முப்பத்து நான்கு நிறைந்துவிட்டது. இந்திய அணியிலிருந்து இருமுறை விலக்கப்பட்டவர். ஆனாலும் ரஞ்சிப் போட்டியில் இரட்டைச் சதம் அடிக்கிறார். இவரை நம்புவதா, விடுவதா?" என்று வினவினார். படியில் நின்றபடியே விடை சொல்லக்கூடிய வினாவாக அது நமக்குத் தோன்றவில்லை. ஆகவே, இத்திங்கள் திண்ணையை அதற்கே ஒதுக்குகின்றோம்.

காகித அணி என்பது யாதென அறியாத பெரியவர்களும் தாய்மார்களும் நம் வாசகரிடையே உண்டு. அவர்கள் பொருட்டு ஒரு சொல். ஆட்டம் தொடங்குமுன், மோதவிருக்கும் இரண்டு அணிகளிலிருந்தும் பதினொருவரை நாமே பொறுக்கி ஒரு தாளில் எழுதி வைக்கின்றோம். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு விலை உண்டு; பதினொருவரின் விலையும் சேர்ந்து நூறைத் தாண்டலாகாது. பின்னர், மெய்யான ஆட்டத்தில் அவரவர் எடுக்கும் ஓட்டம் ஒன்றுக்கு ஒரு புள்ளி, விக்கெட் ஒன்றுக்கு 25 புள்ளி, பிடித்த காட்ச் ஒன்றுக்கு 8 புள்ளி எனக் கணக்கு ஏறும். நாம் தலைவராகக் குறித்தவருக்கு இரட்டிப்பும், துணைத் தலைவருக்கு ஒன்றரை மடங்கும் கிடைக்கும். அவ்வளவே விளையாட்டு.

இது நம் நாட்டில் பிறந்த வழக்கமன்று. அமெரிக்காவில் ஓக்லண்ட் ரைடர்ஸ் என்னும் கால்பந்து அணியின் பங்காளிகளுள் ஒருவரான வில்பிரட் விங்கென்பாக் என்பவர், 1962-ஆம் ஆண்டில் நண்பர் சிலருடன் கூடி வகுத்த பொழுதுபோக்கு இது. அன்று அதுவும் காகிதத்தில் பென்சிலால் போட்ட கணக்காகவே இருந்தது. நம் நாட்டுக்கு வந்தபோது அது கைப்பேசிக்குள் புகுந்து, பணத்துடன் சேர்ந்துகொண்டது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டுகளுக்கென ஒரு சட்டம் இயற்றியது. அம்மாதம் 22-ஆம் நாள் குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் அளித்தார். திறமையால் வெல்வதாயினும் அதிர்ஷ்டத்தால் வெல்வதாயினும், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு நடத்துவதை அச்சட்டம் தடுத்துவிட்டது. அதன் பின்னரே நம் சங்கத்தில் காகித அணி தொடங்கிற்று. இதில் பணம் இல்லை. பருவத்தின் முடிவில் முதல்வராக வருபவருக்கு ஒரு புத்தகம் பரிசு.

இனி, வினாவுக்கு வருவோம்.

கருண் நாயர் 1991-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் ராஜஸ்தானத்து ஜோத்பூரில் பிறந்தவர், கேரளக் குடும்பத்தினர், பெங்களூரில் வளர்ந்து கர்நாடகத்துக்கு ஆடியவர். பிறந்த ஊர் ஒன்று, பூர்வீகம் ஒன்று, வளர்ந்த ஊர் வேறொன்று என்பது நம் வாசகர் வீடுகளில் புதுமையான செய்தி அன்று. தமிழ்நாட்டுக்கும் இவருக்கும் ஏதோ ஒரு பூர்வ ஜன்மக் கணக்கு இருப்பது போலவும் தோன்றுகிறது. 2015-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மும்பையில் நடந்த ரஞ்சி இறுதிப் போட்டியில் தமிழ்நாட்டுக்கு எதிராக 328 ஓட்டங்கள் குவித்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள், சென்னைச் சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303. வர்தா புயல் வீசி ஓய்ந்து ஒரு வாரமே ஆகியிருந்த சென்னை அது. சேவாக்கிற்கு அடுத்தபடியாக டெஸ்டில் முந்நூறு கண்ட இந்தியர் இவர் ஒருவரே. அதுவும் தம் மூன்றாவது டெஸ்டில், தம் முதல் சதத்தையே முந்நூறாக வளர்த்தார்.

அத்தகையவருக்கு அடுத்த டெஸ்டில் இடம் கிடைக்கவில்லை. காயத்திலிருந்து மீண்ட ரஹானே தம் இடத்துக்குத் திரும்பியதால் இவர் வெளியே அமர்ந்தார். பிறகு ஆஸ்திரேலியருக்கு எதிராக நான்கு இன்னிங்ஸ்: 26, 0, 23, 5. 2017-ஆம் ஆண்டு மார்ச்சில் தர்மசாலாவுடன் அத்தியாயம் மூடப்பட்டது. 2018-இல் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார்கள்; ஐந்து டெஸ்டிலும் ஆட வைக்கவில்லை. 2022-23 பருவத்தில் கர்நாடக அணியிலும் இடம் போயிற்று. அந்த டிசம்பரில், தமக்கு இன்னும் ஒரு வாய்ப்புத் தருமாறு கிரிக்கெட்டையே விளித்து அவர் ஒரு வரி எழுதியதை நாடே படித்தது.

அதன் பின் அவர் செய்ததுதான் நம்மைப் போன்றவர் கவனிக்கத்தக்கது. சொந்த மாநிலத்தில் வேலை இல்லை என்றதும், 2023-இல் நாகபுரிக்குப் பெயர்ந்து விதர்ப்ப அணியில் சேர்ந்தார். இங்கிலாந்தில் நார்தாம்டன்ஷயர் கவுண்டிக்கும் சென்று ஆடினார். நம் மைசூருக்கும் அவர் கடன்பட்டவர். மைசூரும் அவருக்குக் கடன்பட்டது. 2024-ஆம் ஆண்டு மகாராஜா கோப்பையில் மைசூரு வாரியர்ஸ் அணிக்குத் தலைமை ஏற்று, 12 ஆட்டங்களில் 560 ஓட்டங்கள் எடுத்துக் கோப்பையையும் வென்று தந்தார். ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையாரின் நினைவாக நடைபெறும் அக்கோப்பை மைசூர் அணிக்கு வந்த அன்று, நம் தெருக்களில் வெடித்த பட்டாசை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

இப்போது கணக்கைத் திறப்போம். மீண்டு வந்த ஆட்டக்காரரை எடைபோட நாம் நான்கு படிக்கற்களை வைத்திருக்கின்றோம்.

முதற்படி, வகுக்கும் எண்ணைப் பார்ப்பது. 2024-25 விஜய் ஹசாரே போட்டியில் கருண் நாயரின் சராசரி 389.5 என்று பத்திரிகைகள் எழுதின. படித்தவர் வாய் பிளந்தனர். ஆனால் அஃது எப்படி வந்தது? எட்டு இன்னிங்ஸ்களில் அவர் எடுத்தவை முறையே 112, 44, 163, 111, 112, 122, 88, 27, ஆகக்கூடி 779. இவற்றுள் இருமுறை மட்டுமே அவர் ஆட்டமிழந்தார். கிரிக்கெட் வழக்கப்படி 779-ஐ இரண்டால் வகுத்தால் 389.5. காகித அணிக்காரருக்கு இந்த வகுத்தல் உதவாது. அவருக்கு வேண்டியது, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை ஓட்டம் என்பதே. ஆகவே எட்டால் வகுக்கவேண்டும். விடை சுமார் 97. இதுவும் மலைக்கத்தக்க எண்ணே. எனினும் 389-க்கும் 97-க்கும் உள்ள தூரத்தை உணர்ந்தவர் ஏமாறமாட்டார். (அந்த எட்டில் 111 தமிழ்நாட்டுக்கு எதிராக எடுத்தது. அதே பருவத்து ரஞ்சிக் காலிறுதியிலும் தமிழ்நாட்டுக்கு எதிராக 122 எடுத்தார். இனித் தமிழ்நாட்டோடு மோதும் நாளில் அவரைச் சேர்க்காதவர், பின்னர் நம்மிடம் வந்து முறையிடவேண்டாம்.)

இரண்டாம் படி, எதிரில் நின்றவர் யார், நின்ற மண் யாது என்பது. 2024-25 ரஞ்சிப் பருவத்தில் 863 ஓட்டங்கள், இறுதிப் போட்டியில் கேரளத்துக்கு எதிராக ஒரு சதம், விதர்ப்பம் சாம்பியன். இதனை யாரும் ஒதுக்கித் தள்ள முடியாது. தேர்வுக்குழுவும் தள்ளவில்லை. எட்டாண்டு இடைவெளிக்குப் பிறகு, 2025 ஜூன் 20-ஆம் நாள் லீட்ஸ் நகரில் தொடங்கிய டெஸ்டில் அவர் மீண்டும் இந்தியத் தொப்பி அணிந்தார். முதல் இன்னிங்ஸில் பூஜ்யம். அத்தொடர் முழுவதும் அவர் எடுத்தவை: 0, 20, 31, 26, 40, 14, 57, 17. கூட்டினால் 205; ஓர் இன்னிங்ஸுக்கு 25-க்குச் சற்று மேல்.

இவ்வெட்டு எண்களையும் வாசகர் ஒருமுறை கூர்ந்து பார்க்கவேண்டும். ஒரு பூஜ்யமும் ஓர் ஐம்பத்தேழும் நீங்க, மற்ற ஆறும் 14-க்கும் 40-க்கும் இடையே நிற்கின்றன. நிற்கத் தெரியாதவருடைய எண்கள் அல்ல இவை. நின்று, பந்தின் போக்கை அறிந்து, அடித்தளம் இட்டபின் ஆட்டமிழந்தவருடைய எண்கள். அணிக்கு இதனால் நட்டம். தொடரின் நடுவே மான்செஸ்டர் டெஸ்டில் அவரை விலக்கினார்கள். ஆனால் பந்து இருபுறமும் அலைந்த ஓவல் மைதானத்தில், அவருடைய 57-தான் இந்தியாவின் முதல் இன்னிங்ஸில் மிகுதியான ஓட்டம். அந்த டெஸ்டை இந்தியா ஆறே ஓட்ட வித்தியாசத்தில் வென்றது என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

மூன்றாம் படி, அவருக்கு அளிக்கப்பட்ட இடம். லீட்ஸில் ஆறாவதாக இறக்கினார்கள். பர்மிங்காமிலும் லார்ட்ஸிலும் மூன்றாவதாக. ஓவலில் முதல் இன்னிங்ஸில் ஐந்தாவதாக. ஒரே குமாஸ்தாவை ஒரு வாரம் பயணச்சீட்டு அறையிலும், மறுவாரம் சரக்கு அறையிலும், அதற்கடுத்த வாரம் விசாரணை அறையிலும் உட்கார வைத்துவிட்டு, ஏன் கணக்கு பிந்துகிறது என்று கேட்பதற்கு இஃது ஒப்பாகும் என்பது நம் அபிப்பிராயம். காகித அணிக்காரர் இதனை இரக்கத்தோடு பார்க்கவேண்டியதில்லை. கணக்கோடு பார்த்தால் போதும். மேல்வரிசையில் நிலையான இடம் உடையவருக்குப் பந்துகள் மிகுதி. பந்துகள் மிகுதியாயின் புள்ளிகளும் மிகுதி.

நம்மவரான தினேஷ் கார்த்திக்கின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சென்னையில் பிறந்து பெங்களூர் அணியின் கண்மணியானவர் அவர். 2022-இல், முப்பத்தாறு வயதில், ஐ.பி.எல். போட்டியில் 330 ஓட்டங்கள். நூறு பந்துக்கு 183 என்னும் வேகம். அதன் பயனாக இந்திய அணிக்குத் திரும்பி, ராஜ்கோட்டில் 27 பந்தில் 55 அடித்தார். ஆனால் அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று இன்னிங்ஸில் 14 ஓட்டங்கள் மட்டுமே. 2023 ஐ.பி.எல்.-இல் 140. எல்லோரும் முடிந்தது என்றபோது, 2024-இல் மறுபடி 326 ஓட்டங்கள்; ஐதராபாத்துக்கு எதிராக 35 பந்தில் 83. கடைசி ஓவர்களில் இறங்குபவர் ஆட்டத்தை வென்று தரலாம். ஆனால் அவருக்குச் சில நாள் ஆறு பந்து கிடைக்கும், சில நாள் ஒரு பந்தும் கிடைக்காது. அவர் அணிக்கு விலைமதிப்பற்றவர். காகித அணிக்கோ நிச்சயமற்றவர். இந்த இரண்டு மதிப்பும் ஒன்றென எண்ணுவதே புதியவர் செய்யும் முதற்பிழை.

நான்காம் படி, ஒரு நாள் வெளிச்சத்தைப் பருவம் முழுவதற்கும் நீட்டாதிருத்தல். அமெரிக்கர் கால்பந்தில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் தலைமை ஆட்டக்காரராகிய ஜோ பிளாக்கோ, 2023 நவம்பரில் 38 வயதில் கிளீவ்லாந்து அணியில் சேர்ந்தார். அதுவரை அவரைக் கேட்பாரில்லை. ஐந்து ஆட்டங்களில் களமிறங்கி நான்கில் வென்று, மீண்டு வந்த ஆட்டக்காரர் என்னும் விருதையும் பெற்றார். ஆனால் 2024 ஜனவரியில் வெளியேற்றச் சுற்றில் அவர் எறிந்த இரண்டு பந்துகளை எதிரணியினர் பிடித்து ஓடி, அவற்றிலேயே புள்ளி எடுத்துவிட்டனர். ஐந்து ஆட்டமும் மெய். அந்த இரண்டு பந்தும் மெய்.

கருண் நாயரின் ஐ.பி.எல். கதையும் அவ்வாறே. 2025 ஏப்ரல் 13-ஆம் நாள் டில்லியில் மும்பைக்கு எதிரான ஆட்டம். முதல் பதினொருவரில் அவர் பெயர் இல்லை. மாற்று ஆட்டக்காரராக இறங்கி, 40 பந்தில் 89 அடித்தார். பும்ராவின் பந்தையும் விட்டுவைக்கவில்லை. டில்லி அணி 12 ஓட்டத்தில் தோற்றும் அன்றிரவு ஊரெல்லாம் அவர் பேச்சே. மூன்று நாள் கழித்து, 16-ஆம் நாள், ராஜஸ்தானுக்கு எதிராக இறங்கினார். ஓட்டமேதும் எடுக்காமல் ரன் அவுட் ஆனார். பருவம் முழுவதும் எட்டு ஆட்டங்களில் 198 ஓட்டங்கள். முதல் 89-ஐக் கழித்தால், எஞ்சிய ஏழு ஆட்டங்களில் 109. ஆட்டத்துக்குப் பதினைந்து, பதினாறு.

அந்த 16-ஆம் நாளைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாகவேண்டும். படியில் நம்மை மறித்த இளைஞரின் அனுமதி பெற்றே எழுதுகின்றோம்.

அவர் இங்குள்ள தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். தாயாரும் தங்கையும் தர்மபுரிப் பக்கத்து ஊரில் இருக்கின்றனர். அன்று மாலை, ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்திலிருந்து 4,500 ரூபாயை எடுத்து, கருண் நாயரைத் தலைவராக வைத்துப் பல போட்டிகளில் கட்டினார். பூஜ்யத்தை இரட்டித்தாலும் பூஜ்யமே. மறுநாட்காலை நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "அண்ணா, அம்மாவுக்கு என்ன சொல்வது?" என்றார்.

நாம் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. சொல்லும் தகுதி நமக்கு இருக்கவில்லை என்பதே உண்மை. அந்தப் பருவத்தில் நாமும் ஆட்டத்துக்கு 49 ரூபாய் வீதம் கட்டிக்கொண்டிருந்தோம். சிறு தொகைதானே என்று வீட்டிலும் சொல்லவில்லை. அவர் சென்றபின் கைப்பேசியில் தொடங்கிய கணக்கைப் பருவ முடிவில் ஒரு தாளில் முடித்துப் பார்த்தோம். 61 ஆட்டங்களுக்குக் கட்டியது 2,989 ரூபாய், திரும்பி வந்தது 1,140 ரூபாய், நட்டம் 1,849. பத்து ஆண்டுகளாகப் பிறருடைய காசைக் கணக்கு வைக்கும் நமக்கு, சொந்தக் காசின் கணக்கு அறுபத்தோர் ஆட்டம் கழித்துத்தான் தெரிந்தது. அத்தாளை வீட்டில் காட்டினோம். "இது பாப்பாவின் பள்ளிக்கூட ஆட்டோக் கூலி" என்றார் இல்லத்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

இளைஞருக்கு அன்று நம்மால் இயன்றதைக் கொடுத்து ஊருக்கு அனுப்பச் செய்தோம். அவர் அதனை ஒன்பது தவணையில் திருப்பித் தந்துவிட்டார். தாயாருக்கு உண்மையையும் எழுதியதாகச் சொன்னார். இவற்றையெல்லாம் எழுதுவதன் காரணம், கருண் நாயரைக் குறைசொல்வதற்கன்று. அவர் அன்று தம் அணிக்காக ஓடினார். நம் இளைஞருக்காக ஓடவில்லை. ஆட்டக்காரர் ஒருவரின் மதிப்பை எடைபோடும் பயிற்சி நல்லதே. தாயின் மாதச் செலவைத் தட்டில் வைத்து எடைபோடும்போது மட்டும் கை நடுங்குகிறது. கை நடுங்கினால் எடை பிழைக்கிறது. இப்பொழுது அதே இளைஞர் காகிதமும் பென்சிலுமாக வந்து நின்று, நிதானமாக "நம்புவதா, விடுவதா?" என்று கேட்டது நமக்கு மெத்த மகிழ்ச்சியாயிற்று.

எனவே, தீர்ப்புக்கு வருவோம்.

இங்கிலாந்திலிருந்து திரும்பியபின், 2025 செப்டம்பரில் மேற்கிந்தியருக்கு எதிரான அணியில் கருண் நாயரைச் சேர்க்கவில்லை. அவர் மூலையில் உட்காரவும் இல்லை. விதர்ப்பத்திலிருந்து மறுபடி கர்நாடகத்துக்குத் திரும்பி, 2025-26 ரஞ்சிப் பருவத்தில் கோவாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 174, கேரளத்துக்கு எதிராக 233 என அடுத்தடுத்து எடுத்தார். ஆகவே நாம் சொல்வது இது. நான்கு நாள் ஆட்டமாயின் அவரைச் சேர்க்கவேண்டும், நூறில் ஒன்பதரை வரை விலை கொடுக்கலாம், தலைவராகவும் வைக்கலாம். ஐம்பது ஓவர் ஆட்டமாயினும் சேர்க்கலாம், ஒன்பது கொடுக்கலாம், துணைத் தலைவர் பதவி போதும். இருபது ஓவர் ஆட்டத்தில், முதல் பதினொருவரில் பெயர் வந்து, முதல் மூன்று இடங்களுக்குள் இறங்குவார் என்பது உறுதியானால் மட்டும் எட்டு கொடுக்கலாம்; தலைவராக வேண்டவே வேண்டாம். வயதைக் காரணம் காட்டி எவரும் அவரை ஒதுக்கவேண்டாம். நாம் பார்த்தவரையில் அவருடைய எண்களில் ஏற்ற இறக்கம் தந்தது எதிரணியும் மண்ணும் இறங்கும் இடமும்தான்.

இந்திய அணிக்கு மூன்றாம் முறையும் வருவாரா என்று சிலர் கேட்கின்றனர். அது தேர்வாளர் கையில் உள்ளது. அதற்குக் காகித அணியில் புள்ளி இல்லை. ஓர் ஊரில் வேலை போனதும் மற்றோர் ஊருக்குச் சென்று, அங்கு முதலிலிருந்து தொடங்கி, பெயர் எடுத்து, மீண்டும் வந்து, மீண்டும் விலக்கப்பட்டு, மறுபடியும் காலையில் எழுந்து மட்டையை எடுத்துக்கொண்டு போகிறவரை, நம் வாசகர் வீடுகளில் பலர் அறிவர். சிலர் அவரை நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கின்றனர்.

காகித அணிச் சீட்டுகளை ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வாசகசாலைப் பெட்டியில் இடவேண்டும். வீட்டுக்கு ஒரு சீட்டே. தாய்மார்களும் பங்கு கொள்ளலாம். சென்ற பருவத்தில் முதற்பரிசு பெற்றது ஓர் அம்மையாரே என்பதை ஆடவர்க்கு நினைவூட்டுகின்றோம். அடுத்த திங்கள் வேறொரு வினாவுடன் சந்திப்போம். வணக்கம்.